முதுகு தெரியும் இடங்கள்

இடி என்று அவருக்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. வைத்தவர் ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவதாக ஒடுங்கிக்கொள்ளும் உடம்பு. நல்ல வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். அந்த உடம்புக்குள்ளிருந்து அப்படியொரு குரல் வருமென்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தாரென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணீர் தம்ளர் நடுங்கும். கார்ட்டூன் சிங்கத்துக்குப் பேச ஆரம்பித்து, வில்லன்களுக்குப் பேசி, கடைசியில் கதாநாயகர்களிடம் வந்து சேர்ந்தவர். எந்த வெளிநாட்டுப் படத்திலாவது ஆறடி உயரத்தில் ஒருத்தன் நின்று காதலித்தால், தமிழில் அந்தக் காதல் இடியின் தொண்டையிலிருந்துதான் வரும்.

அதை எதிரே நின்று வாங்கிக்கொள்வது அவர் மனைவி. டப்பிங் தியேட்டரில் அவரை அம்மணி என்பார்கள். எத்தனையோ நாட்டுக் கதாநாயகிகள் அம்மணியின் குரலில்தான் சிரித்தார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இடி முதன்முதலாக அம்மணியிடம் "உன்னை உயிருக்குயிராக நேசிக்கிறேன்" என்று சொன்னபோது பேப்பரைப் பார்த்துத்தான் சொன்னார். உதடு ஒத்துவரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கடைசித் தடவை சொன்னபோது அம்மணி நம்பிவிட்டார். பாவம், வேறென்ன செய்வார்!

கல்யாணம் ஆனபிறகு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் வினையே. தொண்டைதான் தொழில், அதை வீட்டில் வீணாக்கக் கூடாது என்பது இடியின் கொள்கை. வாசலில் செருப்பைக் கழற்றுவார், மஃப்ளரை இறுக்குவார், வெந்நீர் குடிப்பார், வாயைப் பூட்டிக்கொள்வார். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சாப்பிடலாமா? "உம்." மழை வருதே, துணி எடுக்கலையா? "உம்." உங்க அண்ணன் வீட்டுக்கு என்னிக்குப் போறது? "உம்." இந்தக் கடைசிக் கேள்விக்கு அது எப்படிப் பதிலாகும் என்று அம்மணி பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்த நாளிலிருந்து இடியை வாய் பேச வராதவர் என்றே நினைத்திருந்தார். தண்ணீர் வரவில்லை என்பதைக்கூடக் கையால் ஜாடை காட்டித்தான் சொல்வார். இடியும் ஜாடையிலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு அதுவே சௌகரியமாக இருந்தது.

அப்புறம் குழாய். குளியலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள் என்று அம்மணி சொல்லாத நாளில்லை. இடியும் உம் கொட்டாத நாளில்லை. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் பேச வேண்டுமே, அங்கேதான் இடித்தது.

ஒருநாள் காலையில் ஒரு படம். கதாநாயகி குதிரையிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொள்கிறாள். இடி உருகிவிட்டார். "கண்ணே, உன் பாதத்தில் பட்ட வலி என் நெஞ்சில் துடிக்கிறதே" என்று ஒரு பக்க வசனத்தை நிஜக் கண்ணீரோடு பேசி முடித்தார். எதிரே நின்று "ஆ, ஆ" என்று முனகியது அம்மணிதான். அன்றைக்குச் சாயங்காலமே, சொல்லிவைத்த மாதிரி, குழாய்த் தண்ணீர் பரவிக் கிடந்த தரையில் அம்மணி வழுக்கி விழுந்தார். இது நிஜக் கால், நிஜச் சுளுக்கு.

"என்னங்க!" என்று கத்தினார்.

இடி கையில் வெந்நீர்த் தம்ளரோடு வந்து நின்றார். தரையில் கிடந்த மனைவியைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"உம்?" என்றார்.

அவ்வளவுதான். அம்மணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நொண்டிக்கொண்டே பெட்டியில் துணியை அடுக்கினார். நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து வண்டி பிடித்தார். "அந்தக் குதிரைக்காரிக்கு ஒரு பக்கம் பேசினீங்களே, எனக்கு ஒரு வார்த்தை வரலையா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். தான் செய்தது தப்பு என்று இடிக்கு உடனே புரிந்துவிட்டது. பெரிய தப்பு என்பதும் புரிந்தது. பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். செருமி முடிப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

இந்த நிலைமையில்தான் அந்தப் பிரெஞ்சுப் படம் வந்து தொலைந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். நம்முடைய அப்பாக்கள் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் போடுகிற ஒரு டிவி சேனல் அதை வாங்கியிருந்தது. பியானோ பழுதுபார்க்கிற ஒருத்தனும் மருந்துக்கடை நடத்துகிற ஒருத்தியும் மழைக்கு ஒரே கடை வாசலில் ஒதுங்குகிறார்கள், காதல் வந்துவிடுகிறது. அந்த ஊரில் மழைக்கு ஒதுங்கினாலே காதல் வந்துவிடும் போலிருக்கிறது. அப்புறம் படம் முழுக்க அவன் மனசில் இருப்பதைச் சொல்லாமல் இழுத்தடிக்கிறான். அவள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அத்தோடு சரி, விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

படத்தை எடுத்த டைரக்டருக்கு முதுகு என்றால் உயிர். காதலன் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டிப் பேசுவான். காதலி பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி அழுவாள். இது ஏன் முக்கியமென்றால், டப்பிங்காரர்களுக்கு உதடுதான் எஜமான். திரையில் உதடு மூடும்போது நாமும் மூட வேண்டும், திறக்கும்போது திறக்க வேண்டும். முகம் தெரிகிறவரை அடிமைப் பிழைப்புதான். ஆனால் திரையில் இருப்பவர் முதுகைத் திருப்பிவிட்டால் விடுதலை! உதடு தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். முகத்தில் விட்டுப்போன கதையையெல்லாம் முதுகில் அடைப்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

வசனம் எழுதியவர் புலவர். எப்போதோ ஒரு பத்திரிகையில் ஒரு கவிதை வந்ததால் கிடைத்த பட்டம். ஒலிப்பதிவு செய்பவர் பெயர் ஸ்டாண்ட்பை. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் "ஸ்டாண்ட்பை" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது. அவர் வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

இப்போதெல்லாம் கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்து நின்றுதான் பேச வேண்டுமென்பதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் வந்து தனித்தனியாகப் பேசிவிட்டுப் போகலாம், பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். அம்மணி ஸ்டாண்ட்பையிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "நான் காலையில வந்துட்டுப் போயிடறேன். அவரை மதியம் கூப்பிடுங்க. அவர் மூஞ்சில நான் முழிக்கறதா இல்ல."

ஆகவே இடி மதியம் வந்தார். தனியாக மைக் முன்னால் நின்றார். ஹெட்ஃபோனில் காலையில் மனைவி பேசிவிட்டுப் போன குரல் கேட்டது. வீட்டில் அந்தக் குரல் இல்லாமல் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரி ஜன்னலருகே போய் முதுகைக் காட்டி நிற்கிறாள். புலவர் எழுதிய வசனம், "என் இதயச் சாளரத்தில் சாரல் அடிக்கிறது." ஆனால் ஹெட்ஃபோனில் கேட்டது வேறு.

"குழாய் இன்னும் சொட்டுதா?"

இடி துள்ளிவிட்டார். "நிறுத்து, நிறுத்து! இது பேப்பர்ல இல்லையே?"

ஸ்டாண்ட்பை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சாதுவாகச் சொன்னார். "முதுகுதானேண்ணே. குரல் லெவல் நல்லா இருந்துச்சு, ஓகே பண்ணிட்டேன். நீங்க என்ன பேசறீங்கன்னெல்லாம் நான் கேட்கறதில்ல."

"புலவர் கேட்டா?"

"அவர் உதட்டை மட்டும்தான் பார்ப்பார். ஸ்டாண்ட்பை!"

அடுத்த ஷாட்டில் காதலன் கோட்டை மாட்டத் திரும்பினான். முதுகு. அவன் சொல்ல வேண்டியது, "மழை நிற்கலாம், மனம் நிற்குமா?" இடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. கம்பீரமான காதல் குரலில், "ஆள் வந்து சரி பண்ணிட்டான்," என்றார்.

பச்சைப் பொய். குழாய் அன்றைக்குக் காலையில்கூடச் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதியம் இடி ஹெட்ஃபோனை மாட்டினார். அவர் முந்தின நாள் பேசியதை அம்மணி காலையில் கேட்டிருப்பார். காதலி படிக்கட்டில் ஏறிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, "யாரு அந்த ஆளு?" என்றாள். காதலன் பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மீசை வெச்சவன்," என்றான். அதற்கடுத்த நாள் பாலத்துக் காட்சி. ஆற்றில் படகு போகிறது, வயலின் உருகுகிறது, காதலி முதுகு குலுங்க நிற்கிறாள். ஹெட்ஃபோனில் ஒரே ஒரு வார்த்தை.

"பொய்."

இடி வெட்கத்தில் மஃப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்டினாலும் பேசுகிறாளே! பேசிக்கொண்டே இருந்தால் எப்படியும் திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு அடுத்த நாளே தப்பாகிப் போனது.

தேவாலயத்தில் ஒரு நீளமான காட்சி. மருந்துக்கடைக்காரி மண்டியிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேண்டுகிறாள். அம்மணியின் குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் இடியைப் பயமுறுத்தியது.

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற வேலை. நாள் முழுக்க ரயில் லேட்டுன்னுதான் சொல்லணும். ஆனா நான் பேசினா ஊரே நின்னு கேட்கும். வீட்டுல நான் பேசினா ஒருத்தர்கூடக் கேட்கறதில்ல. இந்தப் படம் முடிஞ்ச மறுநாள் கிளம்பறேன். ஏதாவது சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இடி பேயறைந்தது போல நின்றார். அடுத்து அவருடைய முதுகு ஷாட் வந்தது, போனது. வாய் திறக்கவில்லை. ஸ்டாண்ட்பை மறுபடி ஓட்டினார். மறுபடியும் முதுகு வந்தது, போனது. கடைசியில் இடி புலவர் எழுதியதையே ஒப்பித்துவிட்டு இறங்கி வந்தார். அவருக்கு என்ன கஷ்டமென்றால், சொல்வதற்கு மனசு நிறைய இருந்தது. ஆனால் பேப்பர் இல்லாமல் அவர் ஒரு நல்ல வார்த்தை பேசியதே கிடையாது. எதிரே எழுதி வைத்திருந்தால் சமுத்திரத்தையே அழவைப்பார். பேப்பரை எடுத்துவிட்டால் உம்.

அன்றைக்குச் சாயங்காலம் துணிந்து அக்கா வீட்டுக்கு போன் போட்டார். அம்மணியின் அக்கா எடுத்தார்.

"யாருங்க?"

"உம்..."

"இருங்க, கூப்பிடறேன்," என்றார் அக்கா.

அம்மணி வந்ததும் இடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பல படங்களில் கைகொடுத்த அடிக்குரலில் ஆரம்பித்தார். "நீயில்லாத இந்த வீடு வீடே அல்ல, வெறும் நான்கு சுவர்கள்..."

"இது கப்பல் கேப்டன் சொன்னது," என்றார் அம்மணி. "எதிர்ல நின்னு அழுதவ நான்தான். அப்புறம் கப்பல் முழுகிப்போச்சு."

இடி சளைக்கவில்லை. "உன் கண்களில் என் விடியலைக் கண்டேன்..."

"இது போலீஸ்காரன். மூணாவது பொண்டாட்டிகிட்ட சொன்னான். ரெண்டாவது பொண்டாட்டியும் என் குரல்தான்."

"பெண்ணே, ஒரு முறை திரும்பிப் பார்..."

"ஐயோ, இது பேய்!" அம்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எல்லாம் நான் கேட்டதுதாங்க. உங்க வாயிலேர்ந்து நான் கேட்காதது ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வெச்சுடறேன்."

இடி தேடினார். அலமாரி முழுக்க அடுத்தவன் சட்டை. அவருடையது ஒன்றுகூட இல்லை. அம்மணி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் இடி புலவரைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். "ஒரு சீன் இருக்கு. பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போயிட்டா. புருஷன் கூப்பிடணும். ஆனா அவன் வாயே திறக்க மாட்டான். என்ன பேசுவான்?"

"வாயைத் திறக்காதவனுக்கு எதுக்குய்யா வசனம்?" என்றார் புலவர். அப்புறம் இடியின் முகம் விழுந்துபோனதைப் பார்த்து இரக்கப்பட்டார். "நம்ம படத்துக்குக் கடைசி சீன் எழுதி வெச்சிருக்கேன் பாரு. அதைச் சொன்னா எந்தப் பொண்டாட்டியும் வந்துடுவா. கல்லு கரைஞ்சுடும்."

கடைசிக் காட்சியின் கதை இது. ரயில் நிலையம். மழை. காதலி ரயிலின் படியருகே நம்மைப் பார்த்து நிற்கிறாள். காதலன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். படம் முழுக்கச் சொல்லாததை இப்போதுதான் சொல்கிறான், ஆனால் இன்ஜின் விடுகிற ஆவியின் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழாது. அவன் என்ன சொன்னான் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கே தெரியாதாம். அதுதான் அந்தப் படத்தின் அழகு என்று பெரிய மனிதர்கள் எழுதியிருக்கிறார்களாம். நம்முடைய சேனல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நேரம் யாரும் பேசாவிட்டால் ஜனங்கள் டிவி கெட்டுப்போய்விட்டதென்று தட்டுவார்கள், வசனம் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புலவருக்குக் கேட்பானேன்! முழுப் பக்கம் எழுதிவிட்டார்.

அந்த ஒரு காட்சிக்கு மட்டும் இருவரும் சேர்ந்துதான் நிற்க வேண்டும் என்று ஸ்டாண்ட்பை சொல்லிவிட்டார். "அவர் பேசப் பேச அம்மணியக்கா மூச்சு அதுமேல உட்காரணும். தனித்தனியா எடுத்தா ஒட்டாது." அது உண்மையா, அவராகச் செய்த ஏற்பாடா என்று நான் விசாரிக்கவில்லை.

அம்மணி வந்தார். இடியைப் பார்க்கவில்லை. ஆனால் பழக்கம் விடுமா, மைக்குக்கு இடது பக்கம், எப்போதும் நிற்கிற இடத்திலேயே போய் நின்றுகொண்டார். புலவரும் அன்றைக்குத் தன் வசனத்தைக் காதாரக் கேட்க வந்து, கண்ணாடிக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டாண்ட்பை!"

ரயில் நிலையம் வந்தது. முதுகு வந்தது. இடி பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கினார்.

"அன்பே! ரயிலேறிப் போவது நீயல்ல, என் உயிர்! மேகம் அழுகிறது! நீராவி பெருமூச்சு விடுகிறது! தண்டவாளங்கள்கூட என்னைப் போலத்தான், சேராமலே நீள்கின்றன..."

தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. புலவர் தன் வசனத்துக்குத் தானே தலையாட்டினார். இடி பக்கத்தை முடித்துவிட்டு, மூச்சு வாங்க, ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். இப்போது திரையில் காதலியின் முகம். பெரிதாக, வாய் மூடியபடி. நீளமாகப் பார்க்கிறாள், பிறகு ரயிலில் ஏறிவிடுகிறாள். அம்மணி திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

"அக்கா, ஒரு விசும்பலாவது குடுங்க," என்றார் ஸ்டாண்ட்பை.

"அந்தப் பொண்ணு வாயைத் திறக்கல. நான் எதுக்குத் திறக்கணும்? உதடு ஒத்துப்போக வேணாமா?"

"சரிதான், உதடுதான் முக்கியம்," என்று புலவர் ஒத்து ஊதினார்.

"அப்படின்னா இன்னும் ஒரே ஒரு டேக்," என்றார் அம்மணி. "நாளைக்கு விடியக்காலை எனக்கு ரயில். பெட்டி இன்னும் முழுசா கட்டல."

கல் கரையவில்லை. இடி பேப்பரை மறுபடி எடுத்தார். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பார்வையைத் தாழ்த்தினார், அப்போதுதான் கண்ணில் பட்டது. அம்மணி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலைத் தரையில் ஊன்றாமல் லேசாகத் தூக்கி வைத்திருந்தார். கணுக்காலில் துணிக்கட்டு, செருப்பின் வார் மேலே ஏறாமல் தொங்கியது. இத்தனை நாளாகியும் இன்னும் வலிக்கிறதா? யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எத்தனை முதுகு ஷாட் வந்தது! ஒன்றிலாவது கேட்டாரா?

"ஸ்டாண்ட்பை!"

ரயில் நிலையம். மழை. முதுகு.

"கால் எப்படி இருக்கு?" என்றார் இடி.

அது இடியின் குரலே இல்லை. அதாவது, அதுதான் இடியின் குரல். சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக, ரேஷன் வரிசையில் நிற்கிற எந்த மனிதருக்கும் இருக்கக்கூடிய குரல். ஸ்டாண்ட்பையின் கை தன்னால் போய் லெவலை ஏற்றியது. அம்மணி திரையிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். தம்ளரோட நின்னேன். பயந்துட்டேன். நீ விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் வரல. அந்தக் குழாய்... ஆள் வரல. மீசைக்காரன்னு யாரும் கிடையாது. நான் கூப்பிடவே இல்ல. அதனாலதான் நீ விழுந்தே. நான்தான் விழவெச்சேன்."

பேப்பர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"வீட்டுல உம் சொல்லக்கூட ஆள் இல்ல. ஒருத்தராவது ஏதாவது கேட்டாத்தானே உம் சொல்ல முடியும்? நேத்து தாங்க முடியாம பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட 'சௌக்கியமா'ன்னு கேட்டேன். அவர் பயந்து உள்ள போய்க் கதவைச் சாத்திட்டார். நீ போகணும்னா போ. அங்க ஊரே கேட்கும். ஆனா... போகாதேன்னு சொல்லணும்னு இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எழுதிக் குடுக்க ஆளில்ல. போகாதே. அவ்வளவுதான்."

முதுகு முடிந்தது. திரையில் காதலியின் முகம் வந்தது. கண்ணில் மழையா கண்ணீரா தெரியவில்லை. உதடுகள் இறுக மூடியிருந்தன. அப்படி மூடிய உதட்டுக்கு எந்த வசனமும் பொருந்தாது. உலகத்தில் ஒன்றே ஒன்றைத் தவிர.

"உம்," என்றார் அம்மணி.

இடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உம்முன்னா? உம்முன்னா என்ன அர்த்தம்? வர்றியா, மாட்டியா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். நல்லவேளையாகத் திரையில் மறுபடியும் காதலனின் முதுகு.

"இப்பத் தெரியுதா எப்படி இருக்கும்னு?" என்றார் அம்மணி. அவர் குரலும் நனைந்திருந்தது.

திரையில் பாழாய்ப்போன காதலி ரயிலில் ஏறினாள். ரயில் கிளம்பியது. சக்கரம், புகை, வெறும் பிளாட்பாரம், ஒரு முகமும் இல்லை. அம்மணி மைக்கைத் தன் பக்கம் லேசாக இழுத்தார். சக்கரச் சத்தத்தின் மேல் அந்தப் பிரெஞ்சுக் காதலி, தமிழில், தெளிவாகச் சொன்னாள்.

"அழாதீங்க. பெட்டியை எடுத்துட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன். ரயில்வேகாரங்களுக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன். குழாய்க்காரரை நீங்கதான் கூப்பிடணும். வாயால கூப்பிடணும்."

படம் முடிந்தது. ஸ்டாண்ட்பை கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இனி புலவர் குதிப்பார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பக்க வசனம் தரையில் கிடக்கிறதே! புலவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதறப்ப இவ்வளவு நல்லா வரும்னு நானே நினைக்கலய்யா," என்றார்.

படம் அப்படியேதான் ஒளிபரப்பானது. சாயங்காலமே திரும்பி வந்துவிடுகிறவளுக்கு அந்தக் காதலன் எதற்காக மழையில் அவ்வளவு நேரம் நிற்கிறான் என்று சில வீடுகளில் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

கடைசிக் காட்சி பேசி முடித்த அன்றைக்குத் தியேட்டர் வாசலில் அம்மணி காத்திருந்தார். "அக்கா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுக்கணும். கூட வர்றீங்களா?"

பழக்க தோஷம், இடியின் உதடுகள் தாமாக மூடப் பார்த்தன. அம்மணி ஒரு புருவத்தைத் தூக்கினார். இடி மஃப்ளரை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வர்றேன்," என்றார். "கையைப் பிடிச்சுக்கோ. படியெல்லாம் இப்பத்தான் துடைச்சிருக்காங்க, ஈரமா இருக்கு."